கனரக டீசல் பிக்கப்: பட்டியலில் உள்ள எண்களும் நாம் ஏற்றும் சுமையும்

கிராஞ்சி நிலவனப்பு:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் சுங்கை காடுட்டில் உள்ள ஒரு நிலவனப்பு நிறுவனத்தில் வேலையிட மேற்பார்வையாளராக இருக்கிறேன். எங்களிடம் இரட்டைக் கேபின் பிக்கப் ஒன்றும் 10 அடி லாரி ஒன்றும் உள்ளன. இரண்டின் வாகன உரிமைச் சான்றிதழ்களும் (வண்டி வைத்திருக்கக் குறிப்பிட்ட காலத்துக்குப் பெறும் அனுமதி) சில மாத இடைவெளியில் முடிவடைகின்றன. அவற்றைப் புதுப்பிப்பதா, அல்லது இரண்டையும் விட்டுவிட்டு எல்லா வேலைக்கும் ஈடுகொடுக்கும் ஒரே பெரிய வண்டியாக எடுப்பதா என்று முதலாளி யோசித்துக்கொண்டிருக்கிறார்.

ஃபோர்டு எஃப்-350, ராம் 3500 ஆகிய அமெரிக்கக் கனரக டீசல் பிக்கப்புகளின் விவரப் பட்டியலைச் சென்ற வாரம் அவர் எனக்கு அனுப்பினார். 6.7 லிட்டர் எஞ்சின், 1,600 நியூட்டன் மீட்டரைத் தாண்டும் முறுக்கு விசை (எஞ்சின் தன் தண்டைத் திருகும் வலிமை), 18 டன் இழுக்கும் திறன் என்று அதில் எழுதியிருக்கிறது. இப்போதுள்ள எங்கள் பிக்கப்பின் முறுக்கு விசை 400 நியூட்டன் மீட்டர்தான். நாங்கள் ஏற்றுவது ஈர மண், பேரீச்சை மரங்கள், நடைபாதைக் கற்கள், ஐந்து ஊழியர்கள். சில நாள்களில் 1.7 டன் எடையுள்ள சிறிய எக்ஸ்கவேட்டரும் டிரெய்லரில் வரும். நான்கு மடங்கு முறுக்கு விசை இருந்தால் நான்கு மடங்கு வேலை நடக்குமா என்று முதலாளி கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டும்.

துவாஸ் பொறியாளர்:

வணக்கம் தம்பி. முதலில் ஒரு திருத்தம். 18 டன் என்ற எண் எஃப்-350 வண்டிக்கு உரியதன்று. 40,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 18,100 கிலோ என்பது 2023ஆம் ஆண்டு வடிவ எஃப்-450 வண்டிக்கு ஃபோர்டு அறிவித்த உச்ச அளவு. ஒற்றைக் கேபின், பின் அச்சில் இரட்டைச் சக்கரங்கள், பின்தட்டின் நடுவே பொருத்தப்படும் கூஸ்நெக் இணைப்பு என்று குறிப்பிட்ட ஒரு அமைப்பில் மட்டுமே அது கிடைக்கும். நான்கு கதவுள்ள வண்டியைத் தேர்ந்தெடுத்த உடனேயே அந்த எண் குறையத் தொடங்கிவிடும்.

எஞ்சின் எண்கள் உண்மையானவைதான். ஃபோர்டின் 6.7 லிட்டர் வி8 டீசல் எஞ்சினின் உயர்திறன் வடிவம் 500 குதிரைத்திறனும் 1,627 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையும் தருகிறது. ராம் வண்டியில் இருப்பது கம்மின்ஸ் நிறுவனத்தின் 6.7 லிட்டர் ஆறு சிலிண்டர் நேர்வரிசை எஞ்சின். 2019இல் 1,000 பவுண்டு அடி, அதாவது 1,356 நியூட்டன் மீட்டர் என்ற எல்லையை பிக்கப் உலகில் முதலில் தொட்டது அதுதான். ஜெனரல் மோட்டார்ஸின் 6.6 லிட்டர் டியூராமேக்ஸ் எஞ்சின் இசுசுவுடன் சேர்ந்து உருவாக்கப்பட்டு 2001 வடிவத்தில் அறிமுகமானது. இன்று அது 1,322 நியூட்டன் மீட்டரை எட்டியிருக்கிறது. ஐம்பது டிகிரி வெயிலிலும் பனியிலும் பல ஆண்டு உழைக்கும் இந்த எஞ்சின்களின் கட்டுமானத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆனால் முதலாளியின் கேள்விக்கு விடை அந்த எண்ணில் இல்லை. நம் சாலைகளில் அன்றாடம் காணும் மிட்சுபிஷி ஃபூசோ கேன்டர் லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 3 லிட்டர் 4பி10 எஞ்சின், உயர் வடிவத்தில்கூட 430 நியூட்டன் மீட்டர்தான் தருகிறது. ஆயினும் அந்த எஞ்சினோடு, வண்டியும் சுமையும் சேர்ந்து 7.5 டன் மொத்த எடை கொண்ட கேன்டரும் தயாரிக்கப்படுகிறது. டொயோட்டா ஹைலக்ஸின் 2.8 லிட்டர் எஞ்சின் 500 நியூட்டன் மீட்டர் தருகிறது. அதன் மொத்த எடை வரம்போ 3 டன்னை ஒட்டித்தான் இருக்கிறது. முறுக்கு விசை கூடிய வண்டி குறைவாகவும், குறைந்த வண்டி கூடுதலாகவும் சுமக்கின்றன. சுமையைத் தாங்குவது பின் அச்சு, ஸ்பிரிங், டயர், சட்டகம், பிரேக் ஆகியவை. எஞ்சினுக்கு அந்தச் சுமையை எவ்வளவு வேகத்தில் நகர்த்துவது என்பதில் மட்டுமே பங்கு உண்டு.

வேகத்தையும் கணக்கிட்டுப் பார்ப்போம். பிக்கப்பும் டிரெய்லருமாகச் சேர்ந்து 6 டன் எடை, 6 விழுக்காடு ஏற்றம், மணிக்கு 60 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஏற்றத்தை வெல்ல மட்டும் ஏறத்தாழ 59 கிலோவாட் வேண்டும். சக்கர உருளல் தடையும் காற்றுத் தடையும் சேர்ந்து இன்னும் 13 அல்லது 14 கிலோவாட். மொத்தம் 72 அல்லது 73. ஹைலக்ஸின் சிறிய 2.4 லிட்டர் எஞ்சின்கூட 110 கிலோவாட் தருகிறது. பல்சக்கரப் பெட்டியிலும் அச்சிலும் இழப்பது போக, தேவைக்கு மேல் இருக்கிறது. தீவு முழுவதும் தேடினாலும் நமக்குக் கிடைக்கும் உச்ச இயற்கைக் குன்று புக்கிட் தீமா. 164 மீட்டர்கூட நிறைவாக இல்லை. மேம்பாலச் சரிவுகளெல்லாம் சில நூறு மீட்டரில் முடிந்துவிடுகின்றன. 370 கிலோவாட்டை நாம் எங்கே செலவிடப் போகிறோம்?

பில்பாராவில் இருந்தவர்:

துவாஸ் அண்ணன் சொல்வதில் கணக்குப் பிழை இல்லை. ஆனாலும் அந்த வண்டிகளை ஆறு ஆண்டுகள் ஓட்டியவன் என்ற முறையில் மறுபக்கத்தைச் சொல்ல வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் கர்ராத்தா பக்கம் சுரங்க ஒப்பந்த வேலையில் இருந்தபோது, மெல்பர்ன் பக்கம் வலப்புற ஸ்டியரிங்குக்கு மாற்றிக் கட்டப்படும் ராம் 2500 ஒன்று என் பொறுப்பில் இருந்தது. வெல்டிங் இயந்திரமும் ஜெனரேட்டரும் ஏற்றிய 4 டன் டிரெய்லரை அது பின்னால் இருப்பதே தெரியாமல் இழுக்கும்.

நான் மதித்தது அதன் இழுவையைக் காட்டிலும் நிறுத்தும் திறனை. இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக்கை இயக்கினால், புகையால் சுழன்று எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவின் இதழ்கள் மூடிக்கொள்ளும். வெளியேற வேண்டிய புகை பின்னுக்கு அழுத்தும். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். காலை பிரேக்கில் வைக்காமலேயே முழுச் சரிவையும் இறங்கிவிடலாம். பக்கவாட்டுக் காற்றிலும் எதிரே வரும் சாலை ரயிலின் (பல டிரெய்லர்களை இழுக்கும் நீண்ட லாரி) காற்று அடிக்கும்போதும் 3.5 டன் எடையுள்ள வண்டி அசையாது. சிறிய பிக்கப்பில் அதே டிரெய்லர் வாலாட்டத் தொடங்கினால் வண்டியையே இழுத்துச் சென்றுவிடும். திறனில் மிச்சம் வைத்திருப்பது வீண் செலவு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். வண்டி தன் எல்லையில் ஓடுவதற்கும் பாதித் திறனில் ஓடுவதற்கும் உள்ள வேறுபாட்டை நீண்ட பயணத்தில் ஓட்டுநரின் உடல் உணரும்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அங்கே சாதாரண கார் உரிமத்தில் ஓட்ட மொத்த எடை 4.5 டன்னுக்குள் இருக்க வேண்டும். வண்டியே 3.5 டன் இருந்ததால் ஆள், கருவி, எரிபொருள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏறத்தாழ ஒரு டன்தான் மிஞ்சியது. பின்தட்டில் ஏற்றக்கூடிய அளவில் அது பக்கத்தில் நின்ற ஹைலக்ஸை விட அதிகமாக ஒன்றும் சுமக்கவில்லை.

துவாஸ் பொறியாளர்:

நிறுத்தும் திறன் பற்றி நீங்கள் சொன்னதை முழு மனத்துடன் ஏற்கிறேன். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. 6 டன் எடை 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது பிரேக் உள்வாங்கும் ஆற்றல் 0.83 மெகாஜூல். அதே 6 டன் 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் 59 மெகாஜூல். அதாவது, எழுபது முறை நிற்க வேண்டிய வெப்பம் ஒரே இறக்கத்தில் பிரேக் தட்டுகளில் சேர்ந்துவிடும். மலேசியாவின் கேமரன் மலையிலிருந்தோ கெந்திங்கிலிருந்தோ டிரெய்லருடன் இறங்குபவருக்கு எக்ஸாஸ்ட் பிரேக் உயிர் காக்கும் பொருள். புக்கிட் பாத்தோக்கிலிருந்து ஈசூனுக்குப் போகும் தம்பிக்கு அந்த இறக்கம் வாய்ப்பதே இல்லை.

இழுவைத் திறன் எப்படி அளக்கப்படுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். விற்பனைத் தாளைப் படிக்கும்போது இது உதவும். அமெரிக்க நிறுவனங்கள் எஸ்ஏஇ ஜே2807 என்ற தர அளவைப் பின்பற்றுகின்றன. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே தொடங்கும் 18 கிலோமீட்டர் ஏற்றத்தை, 38 டிகிரி வெப்பத்தில், குளிர்சாதனத்தை முழு அளவில் இயக்கியபடி, குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே இறங்காமல் ஏறிக் காட்ட வேண்டும். எஞ்சினின் குளிரூட்டலைச் சோதிக்க அது நேர்மையான தேர்வு. ஆனால் அந்தத் தேர்வில் வண்டியில் ஓட்டுநரும் ஒரு பயணியும் மட்டுமே இருப்பதாகக் கணக்கு. ஐந்து ஊழியர்களும் பின்தட்டில் மண்ணும் இருக்கும் வண்டிக்கு அந்த எண் பொருந்தாது.

கிராஞ்சி நிலவனப்பு:

ஐயா, மண்ணைப் பற்றித்தான் கேட்க நினைத்தேன். எங்கள் பிக்கப்பின் பின்தட்டை விளிம்பு வரை நிரப்புவது வழக்கம். அது சரிதானா?

துவாஸ் பொறியாளர்:

கவலைக்குரிய வழக்கம், தம்பி. இரட்டைக் கேபின் பிக்கப்பின் பின்தட்டு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஆழம். கொள்ளளவு ஒரு கன மீட்டருக்குச் சற்று மேல். ஈர மண் ஒரு கன மீட்டர் 1.5 டன்னுக்குக் குறையாது. விளிம்பு வரை நிரப்பினால் 1.6 டன் ஆகிவிடும். வண்டி சுமக்க அனுமதிக்கப்பட்டது ஒரு டன். அதிலும் ஐந்து பேரின் எடை ஏறத்தாழ 350 கிலோ அடக்கம். ஆகவே மண்ணுக்கு மிஞ்சுவது 650 கிலோ, அதாவது பின்தட்டில் பாதிக்கும் குறைவான உயரம்.

டிரெய்லரை மாட்டும் நாளில் இன்னும் குறையும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இணைப்புக் கொக்கியின் மேல் அமர வேண்டும். அதற்குக் குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும். எக்ஸ்கவேட்டர் 1.7 டன், டிரெய்லர் அரை டன்னுக்கு மேல் என்றால், கொக்கியில் 230 முதல் 340 கிலோ வரை விழும். அதுவும் அந்த ஒரு டன்னிலிருந்தே கழிய வேண்டும். இழுக்கும் திறனையும் சுமக்கும் திறனையும் தனித்தனிப் பெட்டிகளாக எண்ணுவதுதான் நான் அதிகம் காணும் தவறு. டீசல் எஞ்சினின் எடையும் இதே கணக்கில்தான் வருகிறது. அமெரிக்கக் கனரக பிக்கப்புகளில் உச்சச் சுமை ஏற்புத் திறன் பெட்ரோல் எஞ்சின் வடிவங்களுக்கே உரியது, ஏனெனில் டீசல் எஞ்சின் அவ்வளவு கனம்.

வாகனப் பிரிவு மேலாளர்:

நான் ஒரு கட்டுமான நிறுவனத்தில் முப்பதுக்கு மேற்பட்ட வண்டிகளின் பதிவு, உரிமம், பராமரிப்பு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்கிறேன். பொறியியல் பக்கம் விரிவாகப் பேசப்பட்டுவிட்டது. சகோதரர் தம் முதலாளியிடம் எடுத்துச் செல்ல வேண்டிய சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

இடப்புற ஸ்டியரிங் வண்டியை இங்கே பதிவு செய்ய முடியாது. மூன்று ஆண்டுக்கு மேல் பழைய வண்டியை இறக்குமதி செய்யவும் முடியாது. ஆகவே ஆஸ்திரேலியாவில் மாற்றிக் கட்டப்பட்ட புதிய வண்டி ஒன்றைக் கொண்டுவந்து, நிலப் போக்குவரத்து ஆணையத்தின் யூரோ 6 புகை விதி உட்பட எல்லாவற்றுக்கும் தனி வண்டியாக ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும். அது கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதன் வெற்று எடை 3 டன்னைத் தாண்டுகிறது. சரக்கு வண்டியின் வெற்று எடை 2,500 கிலோவைத் தாண்டினாலே சாதாரண கார் ஓட்டும் மூன்றாம் வகுப்பு உரிமம் செல்லாது. நான்காம் வகுப்பு வேண்டும். உங்கள் நிறுவனத்தில் எத்தனை பேரிடம் நான்காம் வகுப்பு உரிமம் இருக்கிறது என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். எங்களிடம் லாரியை விட அதை ஓட்டுபவர் கிடைப்பதுதான் கடினம்.

அடுத்து முழுச்சுமை எடை, அதாவது வண்டியும் சுமையும் சேர்ந்து அனுமதிக்கப்பட்ட உச்ச எடை. 3,500 கிலோ வரை இலகுரகச் சரக்கு வண்டி. விரைவுச்சாலையில் 70 கிலோமீட்டர் வரை போகலாம். அதைத் தாண்டினால் கனரக வண்டி. வேக வரம்பு 60. 12,000 கிலோ வரையிலான அந்தப் பிரிவு லாரிகளுக்கும் இப்போது வேகக் கட்டுப்பாட்டுக் கருவி படிப்படியாகக் கட்டாயமாகி வருகிறது. 500 குதிரைத்திறன் வண்டி தீவு விரைவுச்சாலையின் இடது தடத்தில் 60இல் போகும். முழுச்சுமை எடை 5,000 கிலோவைத் தாண்டினால், வண்டியை இரவில் நிறுத்த உரிய இடத்தைக் காட்டி வாகன நிறுத்தச் சான்றிதழ் பெற வேண்டும். எஃப்-350 அந்த வரம்பைத் தாண்டும் வண்டி. நீளமான பின்தட்டுள்ள நான்கு கதவு வடிவம் 6.7 மீட்டருக்கு மேல். நம் கார் நிறுத்த இடத்தின் அளவு 4.8 மீட்டருக்கு 2.4 மீட்டர். ஹைலக்ஸே 5.3 மீட்டர் நீளம் என்பதால் அதன் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடங்களில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள்.

டீசல் வரி 2017இல் லிட்டருக்கு 10 காசாகத் தொடங்கி 2019இல் 20 காசாக உயர்ந்தது. பெரிய எஞ்சின் என்றால் அது ஒவ்வொரு நாளும் தெரியும்.

நான்காம் வகுப்பு ஓட்டுநர், கனரக வண்டிக்கான நிறுத்துமிடம், 60 கிலோமீட்டர் வேகம் ஆகிய மூன்றையும் ஏற்கத் துணிந்துவிட்டீர்கள் என்றால், அதே நிபந்தனைகளுக்கு உட்பட்டு 14 அடி லாரி இங்கேயே கிடைக்கிறது. தட்டையான பின்தளம், உதிரிப் பாகங்கள், பழகிய பட்டறைகள் எல்லாம் உண்டு. அதைவிட அதிக மண்ணை ஏற்றும் பிக்கப் எதையும் நான் கண்டதில்லை.

காக்கி புக்கிட் பட்டறை:

எல்லாரும் வாங்குவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். வாங்கிய பிறகு என்ன ஆகிறது என்பதை நான் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வண்டிகள் என்னிடம்தான் வருகின்றன.

2018 ஜனவரி முதல் பதிவாகும் டீசல் வண்டிகளுக்கு யூரோ 6 விதி பொருந்துவதால், புகைக் குழாயில் துகள் வடிகட்டி இருக்கும். பட்டறையில் டிபிஎஃப் என்போம். எஞ்சின் கக்கும் கரித்துகளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிரம்பியதும் 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கி எரித்துவிடும். விரைவுச்சாலையில் சுமையோடு அரை மணி நேரம் ஓடும் வண்டியில் இது ஓட்டுநருக்குத் தெரியாமலேயே நடந்து முடிந்துவிடும். தங்கும் விடுதியிலிருந்து ஆறு கிலோமீட்டரில் உள்ள வேலையிடம், அங்கே நாள் முழுவதும் நிறுத்தம், குளிர்சாதனத்துக்காக எஞ்சினை ஓடவிட்டு மதிய உணவு, மாலையில் அதே ஆறு கிலோமீட்டர் என்று ஓடும் வண்டியில் அந்தச் சூடு ஏறவே ஏறாது. எரிக்கத் தொடங்கும், பாதியில் எஞ்சினை அணைத்துவிடுவார்கள், மறுநாள் மறுபடியும் தொடங்கும்.

சூடாக்குவதற்காக எஞ்சின் கூடுதல் டீசலைப் பிந்திய நேரத்தில் சிலிண்டருக்குள் பீய்ச்சுகிறது. முழுமையாக எரிந்து முடியாதபோது அதில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக எஞ்சின் எண்ணெயில் இறங்கிவிடும். சென்ற ஆண்டு ஒரு பிக்கப் வந்தது. ஓட்டுநர் மிகவும் பொறுப்பானவர்; வாரந்தோறும் எண்ணெய் அளவுகோலை எடுத்துப் பார்ப்பவர். எண்ணெய் குறையவே இல்லை என்று பெருமையாகச் சொன்னார். நான் எடுத்துப் பார்த்தபோது மேல் குறிக்கு மேலே ஒரு விரல் அளவு ஏறியிருந்தது; முகர்ந்தால் டீசல் வாடை. எண்ணெய் ஏறுவது குறைவதை விட ஆபத்து என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நீர்த்த எண்ணெயில் ஓடி டர்போவின் தாங்கி தேய்ந்திருந்தது. அந்த மனிதர் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. குற்றம் அவருடையது அன்று.

எஞ்சின் பெரிதாக ஆக இந்தச் சிக்கல் கூடும். 6.7 லிட்டர் எஞ்சினுக்குச் சூடேறச் சுமையும் தூரமும் வேண்டும். அந்த எஞ்சின்கள் பாலைவன நெடுஞ்சாலையில் 10 டன்னை இழுக்கப் படைக்கப்பட்டவை. அவற்றை ஆறு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துவது, உழவுக்குப் பழகிய காளையைக் கொட்டிலில் கட்டிவைத்து நோய் வரவழைப்பதற்குச் சமம்.

பில்பாராவில் இருந்தவர்:

ஒப்புக்கொள்கிறேன். அங்கே என் வண்டி ஒருநாள்கூட 100 கிலோமீட்டருக்குக் குறைவாக ஓடியதில்லை. வடிகட்டி பற்றிய விளக்கு எரிந்து நான் பார்த்ததே இல்லை. இடம் மாறினால் வண்டியின் குணமும் மாறும் என்பதை நான் யோசிக்கவில்லை.

கிராஞ்சி நிலவனப்பு:

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை இந்த இழை முழுவதையும் முதலாளிக்குப் படித்துக் காட்டினேன். மண் கணக்கைக் கேட்டதும் அவர் சற்று நேரம் பேசவில்லை. இன்று காலை வழக்கம்போல் ஏற்றிய பிக்கப்பை ஊழியர்களுடன் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தோம்: அனுமதிக்கப்பட்ட முழுச்சுமை எடையை விட 410 கிலோ அதிகம். இனி மண் முழுவதும் லாரியில்தான் போகும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார். 10 அடி லாரிக்குப் பதிலாக 14 அடி லாரி எடுத்து எக்ஸ்கவேட்டரையும் அதிலேயே ஏற்றிவிடலாம், பிக்கப்பை ஆளுக்கும் கருவிக்கும் மட்டும் ஐந்து ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம் என்பது இப்போதைய எண்ணம். எங்களில் இருவரிடம் நான்காம் வகுப்பு உரிமம் இருக்கிறது.

பட்டறை அண்ணனிடம் ஒரு கேள்வி. எங்கள் பிக்கப்பும் தினமும் எட்டு, ஒன்பது கிலோமீட்டர்தான் ஓடுகிறது. வடிகட்டி அடைபடாமல் இருக்க என்ன செய்யலாம்?

காக்கி புக்கிட் பட்டறை:

வாரம் ஒருமுறை, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, கிராஞ்சி விரைவுச்சாலை வழியாகத் துவாஸ் வரை போய்த் திரும்புங்கள். ஒரே சீரான வேகத்தில், ஒரு பல்சக்கரம் (கியர்) குறைவாக வைத்து ஓட்டினால் புகை போதிய சூட்டுக்கு வரும். வடிகட்டி விளக்கு எரிந்தால் அன்றே இதைச் செய்யுங்கள். மறுநாளுக்குத் தள்ள வேண்டாம். எண்ணெய் மாற்றும்போது கையேட்டில் சொன்ன, சாம்பல் குறைந்த வகையை மட்டும் ஊற்றுங்கள். கரித்துகள் எரிந்துவிடும்; எண்ணெயிலிருந்து வரும் சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கிவிடும். அளவுகோலை எடுக்கும்போது மேல் குறியையும் பாருங்கள். அதைத் தாண்டியிருந்தால் ஓட்ட வேண்டாம், முதலில் பட்டறைக்கு அழைத்துச் சொல்லுங்கள்.